சொந்தமாகச் செய்த அளவுப் பெட்டியில் உள்ளீட்டைச் சரிபார்ப்பது: எப்போது, எங்கே, எவ்வளவு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மொத்த விற்பனைக் கடை ஒன்றின் பில்லிங் நிரலுக்காக, பைத்தானில் டிகிண்டர் என்ற திரை அமைக்கும் நூலகத்தை வைத்து 'அளவு' விட்ஜெட் (திரை உறுப்பு) ஒன்று செய்திருக்கிறீர்கள். ஒரு ஃபிரேம், அதற்குள் என்ட்ரி பெட்டி, கூட்டல் கழித்தல் பட்டன்கள், கீழே சின்னதாக ஒரு லேபிள். குறைந்தது 10, அதிகபட்சம் 500. ஒவ்வொரு எழுத்து விழும்போதும் சரிபார்க்கிறீர்கள். 250 என்று தட்டவே முடியவில்லை என்பது முதல் புகார். அதைச் சரிசெய்யப் போனதும், முதல் ஓரிரு எழுத்துக்கு மட்டும் சரிபார்ப்பு நடந்து, பிறகு எதைத் தட்டினாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது என்பது இரண்டாவது. முடிவில், கீ அழுத்தும்போதா, பெட்டியை விட்டு வெளியேறும்போதா, சேமிக்கும்போதா, எந்த ஈவென்ட்டில் சரிபார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஈவென்ட்டைப் பிறகு பார்க்கலாம். பெட்டிக்குள் இருக்கும் எழுத்துக்கு எத்தனை நிலை வைத்திருக்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சரி, தவறு என்று இரண்டே நிலை வைத்தால் 250 உள்ளே போகாது. 2 தட்டியதும் அது 10-க்குக் கீழே இருக்கிறது, உங்கள் ஃபங்ஷன் மறுக்கிறது, 2 விழுவதே இல்லை. உங்கள் வரம்புக்குள் ஒற்றை இலக்க எண்ணே கிடையாது என்பதால், காலிப் பெட்டியிலிருந்து எந்த எண்ணையும் தொடங்க வழியில்லை. வேறெங்கிருந்தாவது காப்பி செய்து பேஸ்ட் பண்ணினால்தான் உண்டு. ஆகவே மூன்று நிலை வேண்டும்: சரி, அரைகுறை, ஆகாது. 250 சரி. 2 என்பதும் காலிப் பெட்டியும் அரைகுறை, ஆள் இன்னும் தட்டி முடிக்கவில்லை. 'கசட' ஆகாது, அதன் பின்னால் என்ன சேர்த்தாலும் எண்ணாக மாறாது. க்யூட்டி நூலகத்தின் க்யூவேலிடேட்டர் வகுப்பு இதே மூன்றை அக்செப்டபிள், இன்டர்மீடியட், இன்வேலிட் என்று வைத்திருக்கிறது. அதன் முழு எண் வேலிடேட்டருக்கு 100 முதல் 900 வரை என்று வரம்பு கொடுத்துவிட்டு 999 தட்டினால், அதை ஆகாது என்று தள்ளாமல் அரைகுறை என்றுதான் சொல்லும். இலக்க எண்ணிக்கை மேல்வரம்புக்குள் இருப்பதால், ஆள் நடுவில் ஓர் இலக்கத்தை அழித்துத் திருத்தக்கூடும் என்று விட்டுவைக்கிறது. டிகிண்டரில் இந்த மூன்றாம் நிலை கட்டியே வரவில்லை. சரிபார்க்கும் ஃபங்ஷன் ஆம், இல்லை என்று இரண்டில் ஒன்றைத்தான் திருப்ப முடியும். அரைகுறையை உங்கள் விட்ஜெட்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அழிப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். காலிப் பெட்டியை மறுக்கும் ஃபங்ஷன் ஒன்று இருந்து, பெட்டியில் 75 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் செலக்ட் செய்துவிட்டு 9 தட்டினால் என்ன ஆகும்? டிகிண்டருக்கு அடியில் ஓடும் டிகே நூலகம் இதை ஒரே மாற்றமாகப் பார்ப்பதில்லை. செலக்ட் ஆனதை அழிப்பது ஒரு மாற்றம், 9-ஐச் சேர்ப்பது இன்னொரு மாற்றம். இரண்டுக்கும் தனித்தனியே சரிபார்ப்பு ஓடும். அழித்தால் காலியாகிவிடும் என்பதால் முதலாவது மறுக்கப்படும், இரண்டாவது நடந்துவிடும், பெட்டியில் 759 நிற்கும். நிரலுக்குள்ளிருந்து மதிப்பை வைக்கும்போதும் இதே கதைதான், ஏனென்றால் டெலீட், இன்சர்ட் என்று நீங்கள் நேரடியாக அழைப்பதும் அதே வாசல் வழியாகத்தான் போகிறது. அழிப்பு மறுக்கப்பட்டதற்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. புது வரிசையைத் திறந்தால் பழைய எண்ணோடு புது எண் ஒட்டிக்கொண்டு நிற்கும், காரணம் தெரியாமல் விழிப்பீர்கள். எனவே அழிப்பதை எப்போதும் அனுமதியுங்கள். சதவீதக் குறியும் சிறிய எழுத்து டி-யும் சேர்ந்த குறியீடு (%d), நடப்பது எந்த வகை மாற்றம் என்று சொல்லும்: சேர்த்தால் 1, அழித்தால் 0, மற்றவற்றுக்கு கழித்தல் 1. 0 வந்தால் யோசிக்காமல் ஆம் சொல்லிவிடுங்கள்.

இனி, சற்று நேரம் வேலை செய்துவிட்டு நின்றுபோகும் விவகாரம். உங்கள் நிரலை முழுதாகப் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இந்த அறிகுறிக்குக் காரணங்கள் சிலவே. நின்றுபோன பிறகு அந்த என்ட்ரியின் வேலிடேட் ஆப்ஷன் (எப்போது சரிபார்ப்பது என்ற அமைப்பு) என்னவாக இருக்கிறது என்று அச்சிட்டுப் பாருங்கள். நீங்கள் 'கீ' (key) என்று வைத்தது 'நன்' (none, எப்போதும் வேண்டாம்) என்று மாறியிருந்தால், டிகே தானாகவே சரிபார்ப்பை அணைத்துவிட்டது என்று பொருள். அது அணைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் ஃபங்ஷனில் ஏதோ ஒரு கிளை எதையும் திருப்பாமல் முடிவது. பைத்தானில் ரிட்டர்ன் இல்லாமல் முடிந்தால் மதிப்பில்லை எனக் குறிக்கும் 'நன்' (None) என்ற பொருள் போகும். டிகேவுக்கு அது ஆம்-இல்லை ஆகாது. ஃபங்ஷனுக்குள் பிழை எழுந்தாலும் இதே விளைவுதான்: டிகிண்டர் பிழையை டெர்மினலில் எழுதிவிட்டு 'நன்' திருப்பும். டெர்மினலே இல்லாத எக்ஸிகியூட்டபிளாகக் கட்டிக் கடைக்குக் கொடுத்திருந்தால் அந்தப் பிழை யார் கண்ணிலும் படாது. காலி எழுத்தை முழு எண்ணாக மாற்றப் போய் வேல்யூ எரர் விழுவதுதான் இதில் வழக்கமான சம்பவம். ஆள் கடைசி இலக்கத்தை பேக்ஸ்பேஸ் அடித்ததும் சரிபார்ப்பு செத்துவிடும்.

இன்னொரு காரணம், சரிபார்க்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே பெட்டியின் எழுத்தை மாற்றுவது. சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது, முன்னால் இருக்கும் பூஜ்யத்தை நீக்குவது போன்றவை. இதில் டிகேவின் பழைய என்ட்ரிக்கும், அதன் புதிய விட்ஜெட் தொகுப்பான டிடிகேவின் என்ட்ரிக்கும் தெளிவான வேறுபாடு உண்டு. பழையது, சரிபார்ப்புக்குள் பெட்டி மாற்றப்பட்டால் சரிபார்ப்பை அணைத்துவிடும். ஆஃப்டர்_ஐடில் வழியாக நீங்கள்தான் மறுபடி இயக்க வேண்டும். டிடிகே என்ட்ரி, ஃபங்ஷனில் பிழை எழுந்தாலோ ஆம்-இல்லை வராவிட்டாலோ மட்டும்தான் அணைக்கும். டெக்ஸ்ட்வேரியபிளிலும் இரண்டும் வேறு. இணைத்த மாறியில் வெளியிலிருந்து மதிப்பை மாற்றினால் பழைய என்ட்ரி சரிபார்க்கும், அந்த மதிப்பு ஏற்கத்தக்கதாக இல்லையென்றால் சத்தமில்லாமல் 'நன்' ஆகிவிடும். டிடிகே அப்போது சரிபார்க்கவே செய்யாது. மாறியைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்வதும், எழுதுவதை விட்ஜெட்டின் ஒரே ஃபங்ஷன் வழியாகச் செய்வதும் பாதுகாப்பு. புதிதாக எழுதுவதானால் டிடிகேவையே எடுங்கள். ஃபங்ஷனின் முதல் வரியில் ட்ரை போட்டு, எல்லாக் கிளையும் ட்ரூ அல்லது ஃபால்ஸில் முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைக்கும் முறையிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. சரிபார்க்கும் ஃபங்ஷனை இணைக்கும் வேலிடேட்கமாண்டு ஆப்ஷனுக்கு ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுத்தாலும் டிகிண்டர் ஏற்றுக்கொள்ளும், ஆனால் எந்த அளவுருவும் இல்லாமல் அழைக்கும். அப்போது நிரல் எழுதுபவர் பெட்டியின் கெட் வழியாக எழுத்தைப் படிப்பார். வருவது பழைய எழுத்து, ஏனென்றால் மாற்றம் இன்னும் நடக்கவில்லை. ஓர் எழுத்து பின்தங்கியே சரிபார்க்கிறது என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது. ரிஜிஸ்டர் செய்து கிடைக்கும் பெயரையும், சதவீதக் குறியோடு பெரிய எழுத்து பி-யையும் (%P) ஒரு டப்பிளாகக் கொடுத்தால், அனுமதித்தால் பெட்டி எப்படி இருக்குமோ அந்த முழு எழுத்து கைக்கு வரும். கீ ஈவென்ட்டை பைண்ட் செய்து பார்ப்பதிலும் அதே பின்தங்கல் உண்டு. விட்ஜெட்டின் பைண்டிங் முதலில் ஓடி, எழுத்தைச் சேர்க்கும் வகுப்பின் பைண்டிங் பிறகுதான் ஓடுகிறது. மவுஸால் பேஸ்ட் செய்தால் கீ ஈவென்ட் எழவே எழாது.

அப்படியானால் கீ அளவில் எதைத் தடுப்பது? இதில் நான் சொல்வது கருத்துதான், எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: கூடியவரை எதையும் தடுக்காதீர்கள். எண் பெட்டியில் ஒற்றை எழுத்தாக 'க' தட்டினால் தடுக்கலாம், அப்போதும் பெல் ஒலித்தோ லேபிளில் 'எண் மட்டும்' என்று காட்டியோ தடுங்கள். ஒன்றும் சொல்லாமல் மறுத்தால் ஆள் கீபோர்டு கெட்டுவிட்டது என்றே நினைப்பார். ஆனால் நீளத்தைத் தடுக்க வேண்டாம். ஏன் என்று உங்கள் கடையிலேயே பார்க்கலாம். பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் கீபோர்டாகவே தன்னைக் காட்டிக்கொள்ளும். ஃபோகஸ் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அதில் எண்களைக் கடகடவென்று தட்டி, கடைசியில் என்டர் அடிக்கும். பொருள் பெட்டியில் விழ வேண்டிய 13 இலக்கப் பார்கோடு அளவுப் பெட்டியில் விழுவது பில்லிங்கில் தினசரிச் சங்கதி. இந்தியாவில் பதிவான ஈஏஎன் பார்கோடு எண்கள் 890 என்று தொடங்கும். மூன்று இலக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று கீ அளவில் தடுத்திருந்தால், முதல் மூன்று உள்ளே போகும், மீதி பத்தும் மறுக்கப்படும், என்டர் விழும். உங்கள் மேல்வரம்பு 500 என்பதால் 890 மாட்டிக்கொள்ளும். வேறொரு பொருளுக்கு வரம்பு 999 என்று இருந்தால்? 890 எண்ணிக்கை என்று பில் போய்விடும். பதின்மூன்று இலக்கத்தையும் உள்ளே விட்டிருந்தால், பார்த்த மாத்திரத்தில் தவறு என்று பெட்டி சொல்லியிருக்கும். இன்னும் ஒரு படி போகலாம். 13 இலக்கம் வந்து, இடமிருந்து ஒற்றைப்படை இடங்களை 1-ஆலும் இரட்டைப்படை இடங்களை 3-ஆலும் பெருக்கிக் கூட்டியது 10-ஆல் மீதியின்றி வகுபட்டால் அது பார்கோடாகத்தான் இருக்கும். 'பார்கோடு அளவுப் பெட்டியில் விழுந்துவிட்டது' என்றே செய்தி காட்டலாம்.

இதே காரணத்தால், வரம்பைத் தாண்டிய எண்ணைத் தானாக 500-க்கு இழுத்து வைப்பதையும் தவிருங்கள். அந்தப் பதின்மூன்று இலக்கமும் 500 ஆகிவிடும், பார்வைக்குக் குற்றமே தெரியாது. க்யூட்டியின் ஸ்பின்பாக்ஸ் வெளியேறும்போது முந்தைய சரியான மதிப்புக்குத் திரும்புவதை இயல்பாக வைத்திருக்கிறது. ஒலி அளவு, எழுத்தின் அளவு போன்றவற்றுக்கு அது பொருந்தும். பணமும் சரக்கும் புழங்கும் இடத்தில் ஆள் தட்டியதை நிரல் தன்னிஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. உங்கள் கூட்டல் கழித்தல் பட்டன்கள் மட்டும் வரம்பில் நின்றுகொள்ளட்டும், அங்கே ஆள் எண்ணைத் தட்டவில்லை. டிடிகே ஸ்பின்பாக்ஸை எடுத்துக்கொண்டால் வரம்பு தானாக வந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம்; அதன் கீழ்வரம்பும் மேல்வரம்பும் அம்புக்குறிகளைத்தான் கட்டுப்படுத்தும், கையால் தட்டியதை அல்ல.

வெளியேறும்போது சரிபார்ப்பது இரண்டாம் நிலை. அரைகுறைக்கு இங்கே மன்னிப்பு முடிகிறது: ஆள் பெட்டியை விட்டுப் போய்விட்டார், 2 மட்டும் நிற்கிறது என்றால் அது தவறு. ஆனால் டிகேவில் ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. அதன் பழைய வகைப் பட்டனை மவுஸால் அழுத்தினால் ஃபோகஸ் பட்டனுக்குப் போகாது, பெட்டியிலேயே இருக்கும். அதனால் அளவைத் தட்டிவிட்டு நேராக 'சேமி' பட்டனை அழுத்தினால், பெட்டி ஃபோகஸை இழக்கும்போது வரும் ஃபோகஸ்அவுட் ஈவென்ட் எழாமலே சேமிப்பு ஓடும். என்டர் அடித்தாலும் அப்படியே. வெளியேறும் நேரத்துச் சரிபார்ப்பை மட்டும் நம்பினால் இந்த ஓட்டை வழியாக 2 தரவுத்தளத்துக்குப் போய்விடும். மறுபக்கம், ஆள் வேறு நிரலுக்குத் தாவினாலும் ஃபோகஸ்அவுட் எழும். வாட்ஸ்அப்பில் ஆர்டரைப் பார்த்துவிட்டு வருவதற்குள் பெட்டி சிவந்து நிற்கும். ஆஃப்டர்_ஐடில் போட்டு, அதற்குள் ஃபோகஸ்_கெட் ஒன்றுமில்லை என்று திருப்புகிறதா என்று பாருங்கள். அப்படித் திருப்பினால் நம் ஜன்னலை விட்டே போயிருக்கிறார், சும்மா இருந்துவிடலாம். கூட்டல் கழித்தல் பட்டன்களில் டேக்ஃபோகஸை 0 ஆக்கிவிட்டால், டேப் அடித்து உங்கள் விட்ஜெட்டுக்குள்ளேயே நகர்வதை வெளியேற்றமாக எண்ணும் குழப்பமும் வராது.

ஃபோகஸ்அவுட்டுக்குள் மெசேஜ் பாக்ஸ் திறக்கவே கூடாது. பாக்ஸ் திறந்ததும் ஃபோகஸ் மறுபடி போகும், வரும். அந்த நேரத்தில் அடுத்த பெட்டியும் தன் பங்குக்குச் சரிபார்க்கும். இரண்டும் ஃபோகஸை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் நிரலை மூடக்கூட முடியாது. தவறைச் சரிசெய்யும் வரை வெளியே விடமாட்டேன் என்று கர்சரைப் பிடித்து வைப்பதும் வேண்டாம். 'ரத்து' அழுத்த வந்தவரையும் அது பிடித்து வைக்கும். ஜாவா ஸ்விங்கில் ரத்து பட்டனுக்கென்று சரிபார்ப்பை விலக்க செட்வெரிஃபைஇன்புட்வென்ஃபோகஸ்டார்கெட் என்று நீண்ட பெயரில் ஓர் அமைப்பும், விண்டோஸ் ஃபார்ம்ஸில் காஸஸ்வேலிடேஷன் என்று ஒன்றும் இருப்பது இந்த அவதிக்காகத்தான்.

கீழே வைத்திருக்கும் லேபிளைப் பயன்படுத்துங்கள். அதற்கான இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் பிழை வரும்போதெல்லாம் திரை குதிக்கும். 'தவறான உள்ளீடு' என்று எழுதாமல் '10 முதல் 500 வரை' என்று எழுதுங்கள். சிவப்பு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்; சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸின் இயல்பான தீமில் டிடிகே பெட்டியின் பின்னணி நிறத்தை மாற்றச் சொன்னாலும் அது கேட்காது, வரைவது இயங்குதளம் என்பதால்; எழுத்தின் நிறம் மட்டும் மாறும். எப்போது காட்டுவது என்பதில் எனக்குச் சரியாகப் படும் ஒழுங்கு இது: முதல் தடவை தட்டும்போது வாயைத் திறக்காதீர்கள், வெளியேறியபின் தவறென்றால் சொல்லுங்கள், ஒருமுறை சொல்லிவிட்டால், அதன்பின் ஒவ்வொரு எழுத்துக்கும் பார்த்து, சரியான அந்தக் கணமே செய்தியை எடுத்துவிடுங்கள்.

இத்தனை இடத்தில் சரிபார்ப்பதால் விதியை மூன்று இடத்தில் எழுத நேரும் என்று பயப்பட வேண்டாம். விதி ஒரே ஃபங்ஷனில் இருக்கட்டும். அதற்குள் டிகிண்டரின் வாடையே இருக்கக்கூடாது: எழுத்தை வாங்கி நிலை, மதிப்பு, செய்தி மூன்றையும் திருப்பினால் போதும். விட்ஜெட் வெளியுலகுக்குக் காட்ட வேண்டியதும் சொற்பம்தான்: இப்போதைய நிலை, மாற்றிய மதிப்பு, மதிப்பை வைக்க ஒரு ஃபங்ஷன், மாறும்போது எழுப்ப ஒரு மெய்நிகர் ஈவென்ட். உள்ளே இருக்கும் என்ட்ரியை வெளியிலிருந்து யாரும் தொட வேண்டியதில்லை. எண்ணைத் தேடுபவர் நிலை சரியாக இல்லாதபோது மதிப்பைக் கேட்டால் பிழை எழுப்புங்கள். 0 என்று திருப்பினால் அது ஒருநாள் பில்லில் ஏறும். டிகிண்டரின் முழு எண் மாறியான இன்ட்வாரை இணைத்து எண்ணை எடுப்பதும் சரிப்படாது, பெட்டி காலியாக இருக்கும்போது அதன் கெட் டிசிஎல் எரரில் விழும்.

அந்த ஃபங்ஷனுக்குள் பைத்தான் வைத்திருக்கும் பொறிகள் நிறைய. இஸ்டிஜிட் என்பது மேற்குறியாக எழுதும் சிறிய 2-ஐயும் (²) இலக்கம் என்று சொல்லும்; ஆனால் எழுத்தை முழு எண்ணாக்கும் இன்ட் அதை மாற்ற முடியாமல் விழும். இஸ்டெசிமல் பாருங்கள். அதிலும் தமிழ் எண்கள் தேறிவிடும்: ௨௫௦ என்பதை இன்ட் தயங்காமல் 250 என்று படிக்கும். அதை ஏற்பதில் தவறில்லை, ஆனால் பெட்டியின் எழுத்தை அப்படியே சேமித்தால் தரவில் இரண்டு விதமான 250 இருக்கும். எப்போதும் மாற்றிய எண்ணைத்தான் சேமிக்க வேண்டும். பைத்தான் 3.6 முதல் 1_000 என்று அடிக்கோடு போட்டதையும் இன்ட் ஆயிரம் என்று ஏற்கிறது. எடை, விலை என்று தசம எண்ணுக்கான ஃப்ளோட்டுக்குப் போனால் 'நான்' (nan) என்ற மூன்று ஆங்கில எழுத்து இன்னும் மோசம். அது எண்ணே அல்ல என்பதற்கான மதிப்பு, ஆனால் ஃப்ளோட் ஏற்றுக்கொள்ளும். அதோடு பெரிதா, சிறிதா, சமமா என்ற எந்த ஒப்பீடும் பொய்தான். 10-க்குக் குறைவா, இல்லை. 500-க்கு அதிகமா, இல்லை. ஆகவே சரி என்று உள்ளே போய்விடும். தவறா என்று கேட்காமல், 10-க்கும் 500-க்கும் இடையில் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் இது மாட்டும். விலைக்கு டெசிமல் வகையை வைத்து, முடிவுள்ள எண்தானா என்று முதலில் சோதியுங்கள். 1,25,000 என்று காற்புள்ளியோடு வருவதை ஏற்பீர்களா என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். காற்புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கினால், தசமப் புள்ளிக்குப் பதிலாகக் கைதவறி 12,50 என்று தட்டியது 1250 ஆகிவிடும்.

எக்ஸெல்லிலிருந்து ஒரு கட்டத்தைக் காப்பி செய்தால் கடைசியில் வரிமுறிவும் சேர்ந்து வரும். ஸ்ட்ரிப் அதை நீக்கும், உடையாத இடைவெளியையும் நீக்கும். ஆனால் வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் அகலமில்லா இடைவெளியை நீக்காது. கண்ணுக்கு 250 என்று தெரியும், நிரல் தவறு என்று சொல்லும். அதைத் தனியாக நீக்க வேண்டும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதினால் ஃபுல்மேட்ச் பயன்படுத்துங்கள். டாலர் குறி, இறுதி வரிமுறிவுக்கு முன்னாலேயே பொருந்திவிடும்.

அடுத்து வாடிக்கையாளர் பெயர் பெட்டியும் இதே முறையில் செய்யப் போவதாகச் சொல்லியிருப்பதால் ஒரு எச்சரிக்கை. பெயரில் எழுத்து மட்டும் இருக்க வேண்டும் என்று இஸ்ஆல்ஃபா போட்டால் தமிழ்ப் பெயர் அநேகமாக எல்லாமே தோற்கும். யூனிகோடில் உயிர்மெய்யின் கொம்பும் சுழியும் புள்ளியும் தனிக் குறிகள், 'எழுத்து' வகையில் வராதவை. 'தமிழ்' என்ற சொல்லை இஸ்ஆல்ஃபா பொய் என்றுதான் சொல்லும். பைத்தானின் ஆர்ஈ தொகுப்பில் சொல்லெழுத்துக்கான குறியும் இவற்றைப் பிடிக்காது. யூனிகோட்டேட்டாவின் கேட்டகரியை எடுத்து, எல் அல்லது எம் என்று தொடங்குவதையும், இடைவெளி, முற்றுப்புள்ளியையும் அனுமதியுங்கள். இனிஷியல் இல்லாத பெயர் நம் ஊரில் எங்கே? நீளத்தையும் கவனியுங்கள்: 'தமிழ்' மூன்று எழுத்து, பைத்தானின் கணக்கில் ஐந்து, 'ஸ்ரீ' நான்கு. இருபதோடு வெட்டினால் கடைசி எழுத்தின் கொம்பு மட்டும் போய் வேறு பெயராகும். 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. சேமிக்கும் முன் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்ததை ஒன்றாக்கும் யூனிகோட் ஒழுங்கு) மாற்றாவிட்டால் தேடலில் பாதிப் பேர் கிடைக்க மாட்டார்கள். ஒலிபெயர்ப்புக் கீபோர்டில் 'க' தட்ட வந்தவருக்கு முதலில் 'க்' விழுந்து, பிறகு புள்ளி அழிந்து 'க' ஆகும். நடுவில் குறுக்கிட்டு ஏதாவது மாற்றினால் தட்டச்சே குலைந்துவிடும். பெயர் பெட்டியில் கீ அளவில் எதுவுமே வேண்டாம்.

சேமிக்கும்போது எல்லா விட்ஜெட்டின் நிலையையும் கேட்டு, முதலில் தவறியதன் மேல் ஃபோகஸை வையுங்கள். 'கையிருப்பைவிட அதிகமா' போன்ற, இரண்டு பெட்டியைச் சேர்த்துப் பார்க்கும் விதிகள் இங்கேதான், விட்ஜெட்டுக்குள் அல்ல. தரவுத்தளத்திலும் செக் விதி ஒன்று எழுதுங்கள். எஸ்க்யூலைட் என்றால் கூடுதல் கவனம்: இன்டீஜர் என்று அறிவித்த நெடுவரிசையிலும் எண்ணாக மாற்ற முடியாத எழுத்தை அது அப்படியே சேமிக்கும், 2021-இல் வந்த 3.37 பதிப்பு முதல் ஸ்ட்ரிக்ட் என்று அட்டவணையை அறிவித்தால்தான் மறுக்கும். எஸ்க்யூஎல் ஊடுருவலை (பெட்டி வழியாகத் தரவுத்தளக் கட்டளையைப் புகுத்துவது) இந்தப் பெட்டிச் சரிபார்ப்பால் தடுத்துவிட்டோம் என்றும் எண்ண வேண்டாம், அதற்கு அளவுருக்களோடு கூடிய வினவல்தான் வழி.

சோதிக்க, அந்தத் தனி ஃபங்ஷனுக்கு ஒரு பட்டியல் போதும்: காலி, வெறும் இடைவெளி, கழித்தல் குறி மட்டும், 2, 9, 10, 500, 501, 007, ௨௫௦, மேற்குறி 2, 1_0, 'நான்', வரிமுறிவோடு 250, அகலமில்லா இடைவெளியோடு 250, பதின்மூன்று இலக்கம். ஒவ்வொன்றுக்கும் சரி, அரைகுறை, ஆகாது என்பதில் எது வர வேண்டும் என்று முதலில் தாளில் எழுதுங்கள். 007-க்கு என்ன எழுதுவது என்று தயங்குவீர்கள், அதைக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும். பிறகு திரையில் கையால் செய்து பார்க்க நான்கு: முழுவதையும் செலக்ட் செய்து ஓர் இலக்கம் தட்டுவது, மவுஸால் பேஸ்ட், தட்டிவிட்டு நேராகச் 'சேமி', அளவுப் பெட்டியில் கர்சரை வைத்துக்கொண்டு ஸ்கேனரை ஒரு சோப்பு உறையில் அழுத்துவது. இவற்றுக்குப் பிறகு வேலிடேட் ஆப்ஷனை மறுபடி அச்சிட்டு, அது இன்னும் 'கீ' என்றே இருக்கிறதா என்று பாருங்கள்.